அபத்த நாடகம் எங்களுக்குப் புரிந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மேடை நாடகம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதில் 'அபத்த நாடகம்' எழுதிய பிரெஞ்சு நாடகாசிரியர் யூஜீன் அயனெஸ்கோவுக்கு ஒரே ஒரு பத்தி. அவர் நாடகங்களில் கதையும் இல்லை கருத்தும் இல்லை, மேல்நாட்டில் நிறையப் படித்தவர்கள் தங்களுக்குள் பொழுதுபோக்க எழுதிக்கொண்டவை, நம் ஊர் ஜனங்களுக்கு இதெல்லாம் ஒட்டாது என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். முதல் தடவை படித்தபோது கோபம்தான் வந்தது. இரண்டாம் தடவை படித்த பிறகு, இதற்குப் பதில் எழுதாமல் இருந்தால் என் மாணவிகளுக்குத் துரோகம் செய்ததுபோல் ஆகும் என்று தோன்றியது. கடிதம் கொஞ்சம் நீளும். இடம் ஒதுக்கி முழுதாக வெளியிட வேண்டுகிறேன்.

நான் குமரி மாவட்டம் கருங்கல் ஊரில் பத்தொன்பது வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். வீட்டு மாடியில் அலுமினிய ஷீட் போட்டு, ஒரு போர்டு, நாலு பெஞ்சு. வருகிறவர்களில் பாதிக்கு மேல் நர்சிங் முடித்த பெண்கள். அயர்லாந்து, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று போக ஓ.இ.டி. என்ற, மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும். அந்தப் பரீட்சையில் ஸ்பீக்கிங் என்றாலே நாடகம்தான். கையில் ஒரு அட்டை தருவார்கள். நீ நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி. ஐந்து நிமிடம் பேச வேண்டும், பிறகு இன்னொரு அட்டை. மார்த்தாண்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துப் பிள்ளைகள் மாலை நாலரைக்கு வந்து உட்கார்ந்து, இல்லாத நோயாளியிடம் இல்லாத வலியைப் பற்றி ஆங்கிலத்தில் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். பத்தொன்பது வருடமாக இதைக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது.

ஒரு நாள் திருவனந்தபுரம் பாளையத்தில், பழைய புத்தகம் பரப்பியிருந்த நடைபாதைக் கடையில், அட்டை கிழிந்த ஒரு ஆங்கில நாடகத் தொகுப்பை நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். திரும்பி வரும் பஸ்சில் பாறசாலை தாண்டுவதற்குள் முதல் நாடகத்தின் பாதி முடிந்துவிட்டது. லண்டன் பக்கத்தில் ஒரு வீடு. ராத்திரிச் சாப்பாடு முடிந்து கணவன் பத்திரிகை படிக்கிறான். மனைவி துணி தைத்துக்கொண்டே அவனிடம் சொல்கிறாள்: நாம் சூப் குடித்தோம், மீன் சாப்பிட்டோம், நாம் லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், நம் பெயர் ஸ்மித். அவனுக்குத் தெரிந்ததையெல்லாம் அவனிடமே சொல்கிறாள். சுவர்க்கடிகாரம் பதினேழு அடிக்கிறது. அவள் மணி ஒன்பது என்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது என் வகுப்பு. நான் தினமும் போர்டில் எழுதிப்போடுகிற வாக்கியங்கள்.

அந்த நாடகம் 'வழுக்கைத் தலைப் பாடகி'. அது எப்படிப் பிறந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். அயனெஸ்கோவுக்கு 1948-இல் நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பாரிஸில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. ஆங்கிலம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு அசிமில் என்ற நிறுவனத்தின் பாடப்புத்தகம் வாங்கினார். நம் பஸ் ஸ்டாண்டுகளில் 'முப்பது நாளில் ஆங்கிலம்' என்று விற்பார்களே, அந்த வகைதான். ஒழுங்கான மாணவராக வாக்கியங்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தார். வாரத்துக்கு ஏழு நாள் என்று எழுதினார். தரை கீழே இருக்கிறது, கூரை மேலே இருக்கிறது என்று எழுதினார். மூன்றாம் பாடத்திலோ என்னவோ திரு. ஸ்மித்தும் திருமதி ஸ்மித்தும் வந்தார்கள். மனைவி தன் கணவனிடம், நமக்குச் சில பிள்ளைகள் உண்டு, நீங்கள் ஆபீசில் குமாஸ்தா, நம் வேலைக்காரி பெயர் மேரி என்று தெரிவித்துக்கொண்டிருந்தாள். இதை அயனெஸ்கோ விளையாட்டாக எடுக்கவில்லை. ஆங்கிலம் கற்க உட்கார்ந்த தனக்கு, கவனிக்காமல் விட்ட பெரிய உண்மைகளை யாரோ நினைவூட்டுவதுபோல் இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு அந்த வாக்கியங்கள் தாமாகவே நோட்டுக்குள் கெட்டுப்போகத் தொடங்கின, சொல் சொல்லாக உடைந்தன, நாடகமாகிவிட்டன. தான் எழுதியது 'மொழியின் துயரம்' என்றார் அவர். மேடையில் ஜனம் சிரித்ததைக் கண்டு அவர் திகைத்துப்போனார். கட்டுரையாளர் இதைத்தான் பொழுதுபோக்கு என்கிறார்.

அயனெஸ்கோவின் வாழ்க்கையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தெரிந்தால் இந்த நாடகங்களை 'படித்தவர்களின் விளையாட்டு' என்று யாரும் எழுத மாட்டார்கள். 1909 நவம்பர் 26-இல் ருமேனியாவின் ஸ்லாட்டினா ஊரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோருடன் பாரிஸ் போனார். அப்பா ருமேனியாவுக்குத் திரும்பிப்போய் வேறு குடும்பம் தேடிக்கொண்டார். அம்மாதான் வளர்த்தார். பிள்ளைக்குப் பேச்சு, கதை, பள்ளிக்கூடம் எல்லாம் பிரெஞ்சு. 1922-இல், பதின்மூன்று வயதை நெருங்கும்போது, ருமேனியாவுக்குப் போக வேண்டிவந்தது. அங்கே உட்கார்ந்து தன் சொந்த நாட்டின் மொழியை முதலிலிருந்து படித்தார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் அப்பா நினைவுக்கு வந்தார். விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த காலம். அப்பா மலையாளத்தில் எழுதப் படித்தவர். 1956 நவம்பர் 1-இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் பேசியது தமிழ், கை எழுதியது மலையாளம். அதன் பிறகு தமிழ் எழுத்துக்களை, 'அ'விலிருந்து 'ன' வரை, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதினார். அறுபது வயதிலும் கடைக்கணக்கை அவர் மலையாளத்தில்தான் எழுதிவைப்பார். கூட்டல் போடும்போது உதடு மலையாளத்தில் அசையும். சேர்ந்ததில் அவருக்கு மகிழ்ச்சிதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் சொந்த மொழியை வெளியே நின்று, ஒவ்வொரு எழுத்தாக, இது எதற்கு இப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றவர் அவர். சாதாரண வார்த்தையைக்கூட ஒரு நிமிடம் கையில் வைத்துத் திருப்பிப் பார்ப்பார். அயனெஸ்கோ அப்படிப்பட்ட மனிதர். அவரைப் புரிந்துகொள்ள குமரி மாவட்டத்துக்காரனுக்கு பாரிஸ் படிப்பு எதுவும் தேவையில்லை.

அயனெஸ்கோ ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் பிரெஞ்சு இலக்கியம் படித்தார், பிரெஞ்சு ஆசிரியராகவும் இருந்தார். 1930-களில் அங்கே பாசிசம் வளர்ந்தது. நேற்றுவரை தன்னோடு உட்கார்ந்து வாதாடிய நண்பர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்வதைக் கண்ணெதிரே பார்த்தார். முதலில் 'அவர்கள் சொல்வதில் ஒரு விஷயம் மட்டும் சரி' என்பார்கள், சில வாரத்தில் முகமே மாறிவிடும். இருபது வருடத்துக்குப் பிறகு இதுதான் 'காண்டாமிருகம்' ஆயிற்று. ஒரு சின்ன ஊரில் மனிதர்கள் ஒவ்வொருவராகக் காண்டாமிருகமாக மாறுகிறார்கள். முதலில் பயந்தவர்கள் பிறகு வியக்கிறார்கள், பிறகு அவர்களுக்கும் தோல் தடிக்கிறது. கடைசியில் பெரஞ்சே என்ற ஒரே ஒரு குமாஸ்தா மட்டும் நான் மாற மாட்டேன் என்று நிற்கிறான். 1959-இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் முதலில் மேடையேறியது, மறுவருடம் பாரிஸிலும் லண்டனிலும். ஜெர்மன் ஜனத்துக்கு அதில் என்ன கருத்து என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இதைக் 'கருத்து இல்லாத நாடகம்' என்று எப்படி எழுத மனம் வந்தது?

'வழுக்கைத் தலைப் பாடகி' 1950 மே 11-இல் பாரிஸின் நொக்டாம்புல் அரங்கில் முதலில் நடந்தது. இயக்கியவர் நிக்கோலா பத்தாய் என்ற இளைஞர். விளம்பரத்துக்குக் காசு கிடையாது. நாடகம் தொடங்கும் முன் நடிகர்களே முன்னும் பின்னும் பலகை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அப்படியும் கூட்டம் வரவில்லை. அரங்கில் மூன்று பேர்கூடச் சேராத நாட்களில் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஆறு வாரத்தில் நின்றுவிட்டது. அதே நாடகம், 'பாடம்' என்ற அவருடைய இன்னொரு நாடகத்தோடு சேர்ந்து, 1957-லிருந்து பாரிஸின் யூஷெட் என்ற அரங்கில் நடந்துவருகிறது. நூறு பேர்கூட உட்கார முடியாத சின்ன அரங்கு அது. 1970-இல் பிரெஞ்சு அகாதமி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1994 மார்ச் 28-இல் பாரிஸில் காலமானார். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன அந்த நடிகர்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

தலைப்பு வந்த கதையையும் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நாடகத்தில் பாடகியே கிடையாது. ஒத்திகையில் தீயணைப்பு வீரராக நடித்தவர் 'பொன்னிறக் கூந்தல் ஆசிரியை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தவறி 'வழுக்கைத் தலைப் பாடகி' என்றுவிட்டார். அயனெஸ்கோ அதையே தலைப்பாக்கிவிட்டார். ஆங்கிலம் பேசும்போது வாய் தவறிவிடுமோ என்று நாக்கு ஒட்டிக்கொள்கிற பெண்களுக்கு இதைவிடத் தைரியம் தருகிற கதை எனக்குத் தெரியாது.

இனி எங்கள் மாடிக்கு வருகிறேன். பேச்சுப் பயிற்சிக்காகத்தான் அந்த நாடகத்தை வகுப்பில் எடுத்தேன். அதில் மார்ட்டின் என்ற தம்பதி வருவார்கள். எதிரெதிரே உட்கார்ந்து, உங்களை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று ஆரம்பிப்பார்கள். இருவரும் மான்செஸ்டரிலிருந்து ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் வந்திருக்கிறார்கள். ஒரே தெரு. ஒரே வீட்டு எண், ஒரே மாடி. என்ன அதிசயம், என்ன ஒற்றுமை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில்தான் தாங்கள் கணவன் மனைவி என்று கண்டுபிடிப்பார்கள். பிள்ளைகள் இதை நாகர்கோவில் – திருவனந்தபுரம் பாசஞ்சராக மாற்றிவிட்டார்கள். இரணியலில் ஏறினேன், நானும் இரணியல்தான், குழித்துறையில் இறங்கினேன், அட நானும் குழித்துறைதான் என்று ஒரே சிரிப்பு.

திருமதி மார்ட்டினாகப் படித்த பெண்ணுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். கணவர் குவைத்தில். ரெண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவு. அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கையில் இருந்த ஜெராக்ஸ் தாளை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவாக்கிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"டீச்சரே, போன தடவ வந்தப்ப ராத்திரி இருட்டுல எழும்பி நின்னு, ஃபேனுக்க சுவிட்ச் ஏதுன்னு எனக்கிட்ட கேட்டாரு. அந்த வீடு முழுக்க அவருக்க பைசா. ஒரு சுவிட்ச் அவருக்குத் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. அவளே தாளைப் பிரித்து நீவிவிட்டு, மீதியைப் படித்து முடித்தாள். அதன் பிறகு அந்தக் காட்சியை அவளைப்போல வேறு யாரும் செய்ததில்லை. வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு கேள்வியையும் உண்மையிலேயே பதில் தெரியாதவள்போலக் கேட்பாள்.

இதை ஊருக்குக் காட்ட வேண்டும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு மணி நேர நாடகம். ஒரு பள்ளியில் ஹால் கேட்டோம். பிரதியை வாங்கி ஒரு வாரம் வைத்திருந்து, 'இதில் சமுதாயத்துக்கு என்ன கருத்து இருக்கிறது' என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் கட்டுரையாளர் கேட்ட அதே கேள்வி. அதனால் வகுப்பு நடக்கிற மாடியிலேயே பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு நடத்தினோம். பேச்சு முழுதும் நாங்களே செய்த தமிழ், பாதி எங்கள் ஊர்த் தமிழ். நாற்பது பேர் வந்தார்கள். பிள்ளைகளின் அம்மாக்கள், ரப்பர் பால் வெட்டுகிற ஒரு அண்ணன், எதிர்வீட்டில் சாயாக்கடை வைத்திருப்பவர் குடும்பத்தோடு, குளச்சலிலிருந்து ரெண்டு வள்ளக்காரர்கள்.

வாசல் மணி அடிக்கிற காட்சி வந்தது. மூன்று தடவை மணி அடிக்கிறது, மூன்று தடவையும் போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. நாலாவது தடவை திருமதி ஸ்மித், மணி அடித்தால் வாசலில் ஆள் இருக்காது என்பதுதான் அனுபவம் என்று அடித்துச் சொல்கிறாள். அந்த ரப்பர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். முடிந்த பிறகு ஒரு பெண்ணின் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுபத்தைந்து வயதிருக்கும். மகன் மஸ்கட்டில் இருக்கிறான்.

"மக்ளே, மொதல்ல அந்த ரெண்டு பேரு பேசுனது இருக்கே, அது நானும் எனக்க மோனும் ஃபோனுல பேசுயதாக்கும். தின்னியா, தின்னேன். அங்க வெயிலா, வெயிலு. இங்க மழையா, மழ. தெனமும் இதுதான். வேற என்னமோ கேக்கணும்னு இருக்கும். கேக்கத் தெரியாது."

ஐயா, மொழியின் துயரம் என்று அயனெஸ்கோ சொன்னதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்தப் பாட்டிக்கு பிரான்ஸ் எங்கிருக்கிறது என்று தெரியாது.

'ஒட்டாது' என்கிற அந்தச் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அயனெஸ்கோவுக்கு நாடக ஆசை பிடித்தது சிறுவயதில் பாரிஸ் லக்ஸம்பர்க் தோட்டத்தில் பார்த்த பொம்மலாட்டத்தில். மற்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டே இருப்பாராம். நான் சிறுமியாக இருந்தபோது கோயில் கொடைக்கும் அறுவடை முடிந்த வயலுக்கும் தோல்பாவைக்கூத்து வரும். ராமாயணம் நடக்கும். நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிடுவார்கள். ராமனுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. ஒருவன் கேட்டதற்கு இன்னொருவன் வேறொன்று சொல்வான், கேட்டவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு மூன்றாவதாக ஒன்று கேட்பான், அடித்துக்கொள்வார்கள், திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார்கள். எங்கள் ஊரில் ராமனுக்குத் தூங்கியவர்கள் உளுவத்தலையனுக்கு விழித்தார்கள். இதில் என்ன கருத்து என்று யாரும் கேட்டதில்லை. அயனெஸ்கோவுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்னால், 1908 நவம்பர் 29-இல், நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன் அவர். சிரிப்பை இப்படிக் கையாண்ட மனிதர் பிறந்த மாவட்டத்துக்கு, சிரிப்பு நாடகம் ஒட்டாது என்று சொல்லலாமா?

தமிழிலும் இது புதிதல்ல. நா. முத்துசாமி 'நாற்காலிக்காரர்' எழுதினார், 1977-இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். கட்டுரையில் அவர் பெயரும் இல்லாதது எனக்கு வருத்தம்.

சிக்கல் 'அபத்தம்' என்கிற சொல்லில் இருக்கிறதோ என்று எனக்கு ஒரு எண்ணம். நாம் அதைத் தப்பு, உளறல் என்ற பொருளில்தான் பேசுகிறோம். 1961-இல் மார்ட்டின் எஸ்லின் என்ற விமர்சகர் தன் புத்தகத்தில் இந்த நாடகங்களுக்கு ஒரு பெயர் கொடுத்தார், அதைத் தமிழில் நாம் 'அபத்த நாடகம்' என்று எடுத்துக்கொண்டோம். எஸ்லின் சொன்னது உளறலை அல்ல, பிடிப்பு அற்றுப்போன மனித நிலையை. சொல்லைப் பார்த்துவிட்டு நாடகத்தைப் பார்க்காமல் விடுகிறோம்.

'பாடம்' நாடகத்தை ஆசிரியர்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1951-இல் வந்தது. ஒரு வாத்தியார் வீட்டுக்கு ஒரு பெண் டியூஷனுக்கு வருகிறாள். கூட்டல் நன்றாக வருகிறது, கழித்தல் மட்டும் வரவே இல்லை. ஆனால் எவ்வளவு பெரிய எண்களையும் பெருக்கி விடை சொல்கிறாள். எப்படி என்றால், இருக்கிற எல்லாப் பெருக்கல்களின் விடையையும் மனப்பாடம் செய்திருக்கிறாளாம். தொடக்கத்தில் கூச்சமாக, பணிவாகப் பேசுகிற வாத்தியார் போகப்போகக் குரல் உயர்த்துகிறார். சுறுசுறுப்பாக வந்த பெண் போகப்போகச் சோர்கிறாள், பல் வலிக்கிறது என்கிறாள். அவர் கேட்பதில்லை, பாடம் தொடர்கிறது. கடைசியில் அவளைக் கொன்றுவிடுகிறார். அன்றைக்கு அது நாற்பதாவது. வாசலில் அடுத்த மாணவி மணி அடிக்கிறாள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தலைவலிக்கிறது என்று சொன்ன பிள்ளைகளை 'இன்னும் ஒரு ரோல்பிளே முடித்துவிட்டுப் போ' என்று நான் உட்காரவைத்த நாட்கள் ஞாபகம் வந்தன. இப்போது யாராவது வலிக்கிறது என்றால் புத்தகத்தை மூடிவிடுகிறேன்.

வருகிற கிறிஸ்துமஸ் விடுமுறையில் 'நாற்காலிகள்' செய்யப்போகிறோம். 1952 நாடகம். தண்ணீர் சூழ்ந்த ஒரு கோபுர வீட்டில் தொண்ணூறு வயது தாண்டிய கிழவனும் கிழவியும். விருந்தினர் வருகிறார்கள், ஆனால் ஒருவரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். வாருங்கள், உட்காருங்கள் என்று கிழவி ஓடி ஓடி நாற்காலி கொண்டுவந்து போடுகிறாள். மேடை முழுக்க காலி நாற்காலி. வெளிநாட்டுக் காசில் கட்டிய நாலு படுக்கையறை வீட்டில், கீழே ஒரு அறையில் மட்டும் வெளிச்சம் போட்டுக்கொண்டு இரண்டு வயதானவர்கள் இருக்கிற வீடுகள் எங்கள் தெருவில் மட்டும் ஆறு. கிழவியாக நடிக்கிற பெண், அப்படியொரு வீட்டிலிருந்து வருகிறவள். 'வந்தவர்களுக்கு நாற்காலி போடுவதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம் டீச்சர், அம்மச்சி தினமும் வராந்தாவில் ரெண்டு போட்டுவைப்பாள்' என்றாள்.

கோயில் பந்தலுக்கு வாடகைக்கு விடுகிறவரிடம் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி சொல்லிவைத்திருக்கிறோம். பார்க்க வருகிறவர்கள் இந்த முறையும் தரையில்தான் உட்கார வேண்டும், பாய் விரித்துவிடுவோம். கட்டுரையாளருக்கு நேரம் இருந்தால் அவசியம் வரச் சொல்லுங்கள். கருங்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இங்கிலீஷ் டீச்சர் வீடு என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பம்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில வகுப்பு ஆசிரியை,
கருங்கல்,
கன்னியாகுமரி மாவட்டம்.